கிணத்துக்கு மீட்டரா? பொலிவியா விவசாயிகள் கொடுத்த பதில்!



நம்ம நிலத்துல, நம்ம காசுல வெட்டின கிணறு. ஒரு கம்பெனிக்காரன் வந்து அதுக்கு மீட்டர் மாட்டினால் சும்மா இருப்போமா? தென் அமெரிக்காவில் பொலிவியா என்ற நாட்டில் அப்படித்தான் நடக்கப் பார்த்தது. அங்கே விவசாயி சும்மா இருக்கவில்லை. அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

பொலிவியாவின் மண்ணுக்கு அடியில் வெள்ளி, வெள்ளீயம், எரிவாயு. மண்ணுக்கு மேலே பஞ்சப் பராரிகள்! 1952 புரட்சி வரைக்கும் எழுதப் படிக்கத் தெரியாத பழங்குடி விவசாயிக்கு ஓட்டு கிடையாது. பண்ணையார் நிலத்தில் கூலியில்லாமல் வெட்டி வேலை. 1953 நிலச் சீர்திருத்தச் சட்டம்தான் அதை ஒழித்தது. ஆனால் 1990-களில் ஆண்டவர்கள் ரயில், தொலைபேசி, எண்ணெய் என்று ஒவ்வொன்றாய்த் தனியாருக்குத் தாரை வார்த்தார்கள். கடைசியில் தண்ணிக்கும் வந்தார்கள்.

உலக வங்கி தனியார்மயத்தை வற்புறுத்தியது. 1999-ல் கோச்சபாம்பா நகரத்தின் குடிநீர் 40 வருடத்துக்கு ஒரு கம்பெனியிடம் போனது. ஏலம் கேட்டது அந்த ஒரே கம்பெனிதான்! அதன் பின்னால் இருந்தது அமெரிக்காவின் பெக்டெல். கூடவே ஒரு சட்டம் வந்தது. ஊர் மக்கள் கூடி வெட்டிய கிணறும், தலைமுறை தலைமுறையாய் முறை வைத்துப் பாய்ச்சிய வாய்க்காலும் இனி யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. மழைத் தண்ணி பிடிக்கவும் அனுமதி வாங்கணுமோ என்று ஜனங்கள் பயந்தார்கள்.

முதலில் தெருவுக்கு வந்தது யார் தெரியுமா? பாசன விவசாயிகள்! நகரத்தில் பில் ஏறுவதற்கு முன்பே, 1999 நவம்பரில் சாலையை மறித்தார்கள். 2000 ஜனவரியில் பில் வந்தது. மாதம் 100 டாலர்கூடச் சம்பாதிக்காத வீட்டுக்கு 20 டாலர் வரை தண்ணி பில்! அப்புறம்தான் நகரம் விழித்தது. ஆலைத் தொழிலாளி, மாணவர், தெருவில் கடை போடும் பெண்கள் எல்லோரும் விவசாயியோடு கைகோர்த்தார்கள். மார்ச்சில் மக்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் ஓட்டுப் போட்டார்கள். பெரும்பான்மை கம்பெனிக்கு எதிராக!

அதிபர் ஹூகோ பான்சர் பழைய ராணுவ சர்வாதிகாரி. 2000 ஏப்ரல் 8-ல் நெருக்கடி நிலை அறிவித்தார். 17 வயதுப் பையன் ஒருவன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானான். ஆனாலும் கூட்டம் கலையவில்லை. ஏப்ரல் 10-ல் அரசு பணிந்தது. கம்பெனி மூட்டை கட்டியது. சட்டமும் திருத்தப்பட்டது. 2.5 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்ட கம்பெனி, 2006-ல் வெறும் 2 பொலிவியானோ காசுக்கு வழக்கை முடித்துக்கொண்டது!

“விலை வெச்சாத்தான் தண்ணி வீணாகாது” என்று சில மேதாவிகள் பேசுகிறார்கள். தண்ணியின் அருமையைக் கமலை இறைத்தவன் பிள்ளைக்கா சொல்லித் தரணும்? சிக்கனம் வேறு, விற்பனை வேறு. கோச்சபாம்பாவில் விலை வைத்தது தண்ணியைக் காக்க அல்ல. கம்பெனிக்கு லாபத்தை உறுதி செய்ய!

அதே நெருப்புதான் 2003-ல் எரிவாயுப் போராட்டமாய் மூண்டது. 60-க்கு மேற்பட்டோர் உயிர் கொடுத்தார்கள். அதிபர் நாட்டை விட்டே ஓடினார். 2005-ல் கோகா இலை விவசாயிகளின் சங்கத் தலைவர் ஈவோ மொராலஸ் தேர்தலில் ஜெயித்து, முதல் பழங்குடி அதிபரானார்.

அதோடு கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. மறைக்க மாட்டோம். கம்பெனி போன பிறகும் கோச்சபாம்பாவின் தெற்குப் பகுதி ஏழைகள் லாரித் தண்ணிக்கே காத்திருந்தார்கள். தேர்தல் தகராறில் 2019-ல் மொராலஸ் பதவி விலகினார். அவர் வளர்த்த கட்சி கோஷ்டிச் சண்டையில் சிதறி, 2025 தேர்தலில் ஆட்சியை இழந்தது.

ஆட்சி வரும், போகும். ஆனால் பாசன விவசாயிகள் சங்கமாய் நின்று, 2004-ல் தங்கள் நீர் உரிமையைப் பதிவு செய்யும் சட்டத்தையும் வாங்கினார்கள். தலைவரை நம்பி வீட்டில் உட்கார்ந்தால் கிடைத்ததும் போகும். சங்கம் விழித்திருந்தால் போனதும் திரும்பும். பொலிவியா நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.

பில் வந்த பிறகு அழுவதை விட, சட்டம் வரும்போதே கேள்வி கேட்போம்!
தண்ணீர் சரக்கல்ல, உரிமை!
சங்கமாய்த் திரள்வோம்!