ஆமையை ஆத்துல விடுறதுக்கு முன்னாடி

கோயில் படித்துறையில ஆமை விட வேணாம்னு சொன்னதுக்குச் சிலர் எங்க மேல கோவப்பட்டாங்க. "புண்ணியத்தைத் தடுக்க நீங்க யாரு?"ன்னு கேட்டாங்க. தொண்டர்கள் நாங்க எங்க கருத்தைச் சொல்லிடுறோம்.

கடையில வாங்கிட்டு வர்றது பெரும்பாலும் காதோரம் சிவப்புக் கோடு போட்ட ஆமை. அது அமெரிக்கா ஆமை. காசு அளவுல வாங்குறோம், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளருது. ஆத்துல விட்டா நம்ம ஊர் ஆமையோட தீனிக்கும் வெயில் காயுற இடத்துக்கும் போட்டி.

நம்ம பேரா ஆத்து ஆமை துந்தோங். கடல் பக்கம் சதுப்புக் காட்டுல பெரெம்பாங் பழம், இலை தின்னும். முட்டையிட மட்டும் ஆத்தை எதிர்த்து நீந்தி மேல மணல் திட்டுக்கு வரும். மணலையும் அள்ளி, முட்டையையும் தோண்டிட்டா வம்சம் எங்க இருக்கும்? இப்போ அது அழிவின் விளிம்புல நிக்குது. போத்தா கானான்ல வனவிலங்கு இலாகா முட்டையைப் பொரிக்க வெச்சு, குஞ்சை வளர்த்து ஆத்துல விடுறாங்க. விடுறதுன்னா அப்படி விடணும்.

வயல் கால்வாயிலயும் குட்டையிலயும் இருக்குற, ஓட்டை இழுத்து மூடிக்கிற ஆமைக்கு வேகமா ஓடுற தண்ணி ஒத்துக்காது. தரை ஆமை சுத்தமா மூழ்கிடும். கூர்ம அவதாரம்னு கும்பிட்டுட்டுத் தண்ணியில போட்டுக் கொல்றது எந்தக் கணக்குல புண்ணியம்?

வேண்டுதல் இருந்தா அன்னதானத்துக்கு அரிசி குடுங்க. வளர்க்க முடியாத ஆமை வீட்டுல இருந்தா பெர்ஹிலித்தானைக் கேளுங்க. வெள்ளிக்கிழமையிலேர்ந்து படித்துறையில எங்க ஆளு ரெண்டு பேர் நிப்பாங்க. திட்டுனாலும் பரவாயில்ல.