புறா ரத்தமும் நாலரை மணி நேரமும்

“பக்கவாதம் வந்தவருக்குப் புறா ரத்தம் தடவினோம், மூன்று மாதத்தில் எழுந்து நடந்தார்; ஆகவே அது மருந்து.” கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள், பொய்யில்லை. முடிவுதான் தப்பு.

ஒன்று: கெட்டது கையோ காலோ அல்ல, மூளை. தோலில் தடவியது மண்டைக்குள் அடைத்த ரத்தக்குழாயை எப்படித் திறக்கும்?

இரண்டு: தடவாதவர்களும்தான் நடக்கிறார்கள். தானாக வரும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில்தான் வரும். பக்கவாதம் போலத் தோன்றினாலும் முகம் மட்டும் கோணும் பெல்ஸ் பால்சி, பத்தில் ஏழு பேருக்கு மருந்தில்லாமலே முழுதாகச் சரியாகும். சிலருக்குத் தற்காலிக அடைப்பு 24 மணி நேரத்துக்குள் தானே விலகிவிடும். (அது குணமல்ல, அடுத்த பெரிய அடைப்புக்கான எச்சரிக்கை.) இதிலெல்லாம் புறாவின் பங்கு என்ன?

மூன்று: தடவியும் எழாதவர்களை யார் எண்ணினார்கள்?

“தடவினால் என்ன நஷ்டம்?” நேரம்தான் நஷ்டம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால், மூளையில் அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்த்தாக வேண்டும். கசிவுள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. புறா பிடிக்க ஆள் அனுப்பிய வீட்டில் கடிகாரம் நின்றுவிடுமா?