ஒரு துளிக் குருதி போதுமா?

புற்றுநோய் என்ற பெயரைச் சொல்லவும் அஞ்சி, ‘அந்த நோய்’ என்று தாழ்ந்த குரலில் பேசுவோர் இன்றும் உண்டு. அந்நோய்களுள்ளும் நுரையீரலைப் பற்றும் புற்று மிகவும் வஞ்சகமானது. தொடக்கத்தில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இருமல் வந்தாலும் புகைப்பவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. நோய் தன்னை வெளிக்காட்டும்போது பெரும்பாலும் அறுவை மருத்துவத்திற்கான காலம் கடந்துவிடுகிறது. கட்டி நுரையீரலோடு நிற்கும்போதே கண்டறியப்பட்டவர்களில் 100க்கு 60 பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள் என்றும், தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ 10 பேரே அவ்வாறு வாழ்கிறார்கள் என்றும் அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் கூறுகின்றன. காலத்தே அறிதல் என்பது இங்கே உயிருக்கே விலையாகும்.

ஆகவேதான், கையில் ஒரு ஊசி குத்திச் சிறிது குருதி எடுத்து, “உமக்குள் புற்று இருக்கிறது” அல்லது “இல்லை” என்று சொல்லிவிட முடியாதா என்று அறிவியலார் பல்லாண்டுகளாக முயன்று வருகிறார்கள். விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அம்முயற்சியை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால், அது வெற்றி பெற்றுவிட்டது என்று யாரேனும் கூறினால் அதை நான் ஏற்க மாட்டேன். காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

1869ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் தாமஸ் ஆஷ்வொர்த் என்னும் மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் குருதியை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். கட்டிகளில் இருந்த அதே வகை உயிரணுக்கள் குருதியிலும் இருக்கக் கண்டார். உடலில் பல இடங்களில் கட்டிகள் தோன்றுவதற்கு இது விளக்கம் தரக்கூடும் என்றும் எழுதி வைத்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1889இல், இங்கிலாந்தின் ஸ்டீபன் பேஜெட் மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். விதை எங்கும் விழலாம். ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் கண்ட முடிவு. குருதியில் திரியும் புற்றணுவே அந்த விதை. அது முளைப்பதற்கு முன்பே பிடித்துவிட்டால்? இன்றைய ஆராய்ச்சிகளுக்கெல்லாம் வித்திட்ட கேள்வி இதுதான்.

கேள்வி எளிது, செயல் அரிது. ஒரு மில்லிலிட்டர் குருதியில் சிவப்பணுக்கள் மட்டும் சுமார் 500 கோடி உள்ளன. வெள்ளணுக்கள் பல லட்சம். இந்தப் பெருங்கூட்டத்தில் புற்றணு ஒன்றிருக்கலாம், பத்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அவற்றைப் பிரித்தெடுக்க இரு வழிகள் பெரிதும் கையாளப்பட்டன. புற்றணுவின் மேற்புறத்தில் உள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை நுண்ணிய காந்தத் துகள்களில் பூசி, அணுக்களைக் காந்தத்தால் இழுப்பது ஒரு வழி. 2004இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற கருவி இம்முறையில் இயங்குவது. ஆனால் அந்த ஒப்புதல், ஏற்கெனவே பரவிவிட்ட மார்பகப் புற்றின் போக்கை அறிவதற்கே தரப்பட்டது; மறைந்திருக்கும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு அன்று. மற்றொரு வழி வடிகட்டுதல். புற்றணுக்கள் பொதுவாக உருவில் பெரியவை. 8 மைக்ரான் அளவுள்ள துளைகளின் வழியே குருதியைச் செலுத்தினால் சிறியவை கடந்துவிடும்; பெரியவை தங்கிவிடும். வீட்டில் மாவு சலிப்பதற்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடில்லை.

இந்த வடிகட்டும் முறையைக் கொண்டு பிரான்சு நாட்டின் நீஸ் நகர ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் கொண்ட 168 பேரின் குருதியை அவர்கள் சோதித்தார்கள். ஐவரிடம் மட்டும் புற்றணுக்கள் தென்பட்டன. அந்த ஐவரின் நுரையீரலிலும் அப்போது ஸ்கேனில் கட்டி ஏதும் தெரியவில்லை. ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துக் கவனித்தபோது, 1 முதல் 4 ஆண்டுகளுக்குள் ஐவருக்கும் சிறு கட்டிகள் தோன்றின. அறுவை செய்து பார்த்தால் தொடக்க நிலைப் புற்று! அடைப்பு நோய் இல்லாத 77 பேரின் குருதியில் ஒரு புற்றணுவும் காணப்படவில்லை. ஐந்துக்கு ஐந்து என்றால் யார்தான் மகிழமாட்டார்கள்?

அத்துடன் அவர்கள் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பிரான்சின் 21 மருத்துவ மையங்களில், 55 வயதைக் கடந்த, நெடுங்காலம் புகைத்த, அடைப்பு நோயும் உடைய 614 பேரைச் சேர்த்து, அதே சோதனையை மீண்டும் நடத்தினார்கள். முடிவு 2020இல் வெளிவந்தது. முதல் சுற்றில் 19 பேருக்கு நுரையீரல் புற்று இருந்தது. குருதிச் சோதனை அவர்களில் ஐவரை மட்டுமே சுட்டியது. அதாவது 26.3 விழுக்காடு. எஞ்சிய 14 பேரின் குருதி மௌனமாக இருந்தது. யாருக்கு இனிமேல் புற்று வரும் என்பதை முன்னறிவிக்கவும் அச்சோதனையால் இயலவில்லை. நுரையீரல் புற்றைத் தேடும் பணிக்கு இது தகுதியானதன்று என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

ஏன் இப்படி? நம் உடலின் அமைப்பே ஒரு காரணமாகலாம் என்று நான் கருதுகிறேன். நுரையீரலை விட்டு நீங்கும் குருதி முதலில் நுரையீரல் சிரை வழியாக இதயத்தின் இடப்பக்கம் சேர்கிறது. பிறகு உடலெங்கும் பரவி, மயிரிழையினும் நுண்ணிய தந்துகிகளைக் கடந்த பின்னரே நாம் ஊசி குத்தும் கைச் சிரைக்கு வருகிறது. உருவில் பெரிய புற்றணுக்களில் பல வழியிலேயே சிக்கி அழிகின்றன. 2019இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், தொடக்க நிலை நோயாளிகள் 100 பேரிடம் அறுவையின்போது நுரையீரல் சிரையிலிருந்தே குருதி எடுத்துப் பார்த்தார்கள். 48 பேரிடம் புற்றணுக்கள் கிடைத்தன. அவ்வாறு கிடைத்தவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்தும் மிகுதி. ஊற்றுக்கண்ணில் பார்ப்பதற்கும் கடைமடையில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆனால் நலமாக நடமாடும் ஒருவரின் நெஞ்சைத் திறந்து அங்கே குருதி எடுக்க முடியுமா?

“குறையுள்ள சோதனையானாலும் செய்து பார்ப்பதில் என்ன தீங்கு?” என்று நண்பர்கள் சிலர் என்னிடம் வாதிட்டதுண்டு. தீங்கு உண்டு என்பேன். அந்த 14 பேரை எண்ணிப் பாருங்கள். “உம் குருதி தூய்மையாக இருக்கிறது” என்ற தாளைக் கையில் கொடுத்தால், அவர்களில் எத்தனை பேர் ஸ்கேன் எடுக்கச் சென்றிருப்பார்கள்? மறுபுறம், குருதியில் புற்றணு உண்டு, ஆனால் கட்டி எங்கென்று தெரியவில்லை என்று கேட்டவர் எப்படி உறங்குவார்? மருந்து கொடுக்கவும் வழியில்லை, அறுக்கவும் இடமில்லை. பொய்யான ஆறுதலும் வீணான அச்சமும் ஒரே குப்பியிலிருந்து பிறக்கின்றன.

ஸ்கேனும் குறையற்றதன்று. 53,000க்கும் மேற்பட்டோர் பங்குபெற்ற அமெரிக்கப் பெருஞ்சோதனையில், ஐயத்திற்குரியது என்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு 100 முடிவிலும் 96 புற்றாக இருக்கவில்லை. எனினும் குறைந்த கதிர் கொண்ட சி.டி. ஸ்கேன் நுரையீரல் புற்றால் நேரும் இறப்பை, எக்ஸ்ரேயுடன் ஒப்பிடுகையில் 20 விழுக்காடு குறைத்தது என்று 2011இல் மெய்ப்பிக்கப்பட்டது. ஒரு சோதனையின் பெருமை அதன் புதுமையில் இல்லை. அதனால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதே அளவுகோல். அந்த அளவுகோலின் முன் புற்றணுச் சோதனையும் ஒருநாள் வந்து நிற்க வேண்டும். அதுவரை அதன் இடம் ஆய்வகமே. விளம்பரப் பலகை அன்று.

மாணவ நண்பர்களே! இந்த வரலாற்றில் என்னைப் பெரிதும் கவர்ந்தது 2014இன் வெற்றி அன்று, 2020இன் தோல்விதான். தாம் கண்டதைத் தாமே பெரிய அளவில் சோதித்து, அது நிலைக்கவில்லை என்பதை மறைக்காமல் உலகறியச் சொன்னார்கள். நம் ஆய்வகங்களில் நடப்பதென்ன? ப்யூரெட் காட்டும் அளவு ஒன்றாக இருக்க, முன்னாண்டு ரெக்கார்டு நோட்டில் உள்ள அளவே சரியென்று எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொள்ளும் வழக்கம் உண்டு. எதிர்பார்த்த விடைக்கே மதிப்பெண் என்ற நிலை இருக்கும்வரை இவ்வழக்கம் மாறாது. கிடைத்த விடையை அப்படியே எழுதி, ஏன் மாறியது என்று ஆராய்பவனுக்கும் மதிப்பெண் உண்டு என்று நம் பேராசிரியப் பெருமக்கள் அறிவிக்க வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள். இன்று ப்யூரெட்டில் பொய் எழுதப் பழகிய கை, நாளை நோயாளியின் குருதிச் சோதனையில் மெய் எழுதும் என்பதற்கு என்ன உறுதி?

குருதியில் திரியும் அந்த ஒற்றை அணுவைத் தவறாமல் பிடிக்கும் நாள் வரட்டும். நம்மில் ஒருவரே அதைப் பிடிக்கட்டும். அதற்காகக் காத்திருக்கும் வேளையில் நம் கையிலுள்ள ஒன்றைச் செய்யலாம். புகைப்பதை விட்டுவிட ஊசியும் வேண்டாம், நுண்ணோக்கியும் வேண்டாம்.