மகுடம் யாருக்கு?

‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டு பாகங்களையும் (2022, 2023) நான் ரசித்தேன். எழுத்தாளர் கல்கி ஐந்து பாக நாவலாகச் சாவகாசமாகச் சொன்ன கதையைச் சுமார் ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்கினால் வெட்டு விழத்தான் செய்யும். மணிமேகலை என்ற பாத்திரமே காணாமல் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஜெயராம் நடித்த ஆழ்வார்க்கடியான் பாத்திரத்துக்காக இயக்குநர் மணிரத்னத்துக்கு இன்னும் சிலவற்றை மன்னிக்கலாம். முடிவை மட்டும் மன்னிக்க மனம் வரவில்லை. சோழ அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான பிள்ளை, கோயிலுக்குப் பூமாலை கட்டிக்கொடுக்கும் சேந்தன் அமுதன்தான் என்பது நாவலின் பெரிய ரகசியம். அரியணைக்கு ஆசையே படாத அவன் தலையில்தான் இளவரசர் அருள்மொழி தனக்கு வரவிருந்த மகுடத்தை வைக்கிறார். படத்திலோ, செம்பியன் மாதேவியின் மகனாக வளர்ந்து, ஆரம்பம் முதல் அதற்காகச் சதி செய்த மதுராந்தகனுக்கே அது போகிறது. கல்கியிடம் தியாகமாக இருந்தது, திரையில் சமரசமாகிவிட்டது. ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் ‘தியாகச் சிகரம்’. படம் பார்த்துவிட்டோமே என்று இருந்துவிடாமல், அந்த ஒரு பாகத்தையாவது வாசித்துவிடுங்கள்.