அளவெடுத்துச் செய்த மிதிவண்டி

பழைய மிதிவண்டியை விற்பது பெரிய செய்தியன்று. பணம் கைமாறும், வாங்கியவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். ஆனால், ஒருவர் தம் உடலளவுக்கென்றே சொல்லிச் செய்வித்த எஃகு மிதிவண்டியை விற்கும்போது காரியம் அவ்வளவு எளிதில் முடிவதில்லை. "இருபது ஆண்டுகள் சுமந்த வண்டியை விற்க எப்படி மனம் வந்தது?" என்று நண்பர்கள் கேட்பர். வீட்டிலுள்ளோரோ, "ஓட்டாத வண்டி வரவேற்பறையில் எதற்கு?" என்பர். இவ்விரு கேள்விகளுள் வீட்டாரின் கேள்வியே நியாயமானது.

இத்தகைய வண்டி எப்படி உருவாகிறது என்பதை அறிந்தால்தான் உரிமையாளரின் தயக்கம் புரியும். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோலவே, சட்டகம் செய்பவர் ஓட்டுபவரின் கால், உடல், கை ஆகியவற்றின் நீளத்தை அளக்கிறார். அதற்கேற்பக் குழாய்களை அறுத்து, பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கி அவற்றை இணைக்கிறார். அந்தக் குழாய்களும் சாதாரணமானவை அல்ல. நடுவில் மெலிந்தும் இணைப்பு வரும் முனைகளில் தடித்தும் இருக்கும் குழாய்க்கு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ரேனால்ட்ஸ் என்பவர் 1897-இலேயே காப்புரிமை பெற்றார். அவர் வழிவந்த நிறுவனம் 1935-இல் அறிமுகப்படுத்திய '531' என்னும் எஃகுக் குழாய், பல்லாண்டுகள் பந்தய வீரர்களின் விருப்பத் தேர்வாக விளங்கியது. நடுப்பகுதியில் அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். விரல் நகத்தால் சுண்டினால் மணிபோல் ஒலிக்கும்.

இன்று பெரிய பந்தயங்களில் கரிம இழை வண்டிகளே ஓடுகின்றன. அனைத்துலக மிதிவண்டி ஒன்றியம் விதித்துள்ள குறைந்தபட்ச எடை 6.8 கிலோகிராம். நல்ல எஃகு வண்டி அதைவிட ஓரிரு கிலோகிராம் கூடுதலாக இருக்கும். 1996-இல் தொடங்கிய லங்காவி மிதிவண்டிப் பந்தயத்தில் கெந்திங் மலையேறும் வீரருக்கு இந்த வேறுபாடு முக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உலு லங்காட் சாலையில் ஓட்டிவிட்டு, ரொட்டி சானாய் சாப்பிட்டுத் திரும்புபவருக்கு அது ஒரு பொருட்டன்று. எடை குறைய வேண்டுமென்றால், அவர் ரொட்டியில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்!

எஃகுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஒரு குழாய் நசுங்கினாலோ விரிசல் விட்டாலோ, திறமையான கைவினைஞர் அதை மட்டும் அகற்றிவிட்டுப் புதிய குழாயைப் பொருத்திவிடுவார். ஆகவே, வண்டி நெடுங்காலம் உழைக்கும். உரிமையாளரின் உடல்தான் முந்திக்கொள்கிறது. முப்பது வயதில் கைப்பிடியைத் தாழ்வாக வைத்துச் செய்வித்த வண்டியில், ஐம்பத்தைந்து வயதில் முதுகு வளைய மறுக்கிறது. கைப்பிடியை ஓரளவுதான் உயர்த்த முடியும். சட்டகத்தின் அளவை மாற்ற முடியாது. அன்று பெருமைக்குரியதாக இருந்த அந்தத் துல்லியமான அளவே இன்று தடையாகிறது.

"ஓட்டாவிட்டால் என்ன? நினைவாகச் சுவரில் மாட்டி வைக்கலாமே" என்பாரும் உளர். நம் நாட்டின் ஈரப்பதம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. வெளியே வண்ணப்பூச்சு பளபளத்தாலும், குழாயின் உட்புறத்தில் துரு மெல்ல மெல்லப் பரவும். இருக்கையைத் தாங்கும் அலுமினியத் தண்டை அவ்வப்போது கழற்றி மசகு தடவாவிட்டால், அது எஃகுக் குழாயோடு இறுகிப்போகும். சுவரில் தொங்கும் வண்டிக்கு யார் மசகு தடவுவார்?

விற்பது என்று முடிவானபின் விலை பற்றிய சிக்கல் எழுகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இருபது ஆண்டு நினைவுகளையும் சேர்த்தே உரிமையாளர் விலை சொல்வார். வாங்குபவருக்கு அந்த நினைவுகளால் எப்பயனும் இல்லை. அதிலும், தம் உயரமும் கைநீளமும் அந்த வண்டிக்குப் பொருந்தினால்தான் அவர் வாங்குவார். அப்படிப்பட்டவர் கிடைக்கச் சில மாதங்கள்கூட ஆகலாம். இதனால், சிலர் வண்டியைப் பிரித்துவிடுகின்றனர். சக்கரங்கள் ஒருவருக்கு, பற்சக்கரங்கள் இன்னொருவருக்கு, நிறுத்திகள் வேறொருவருக்கு எனத் தனித்தனியே விற்றால், பெரும்பாலும் கூடுதல் பணம் கிடைக்கும். உடனடியாகப் பணம் தேவைப்படுபவரைக் குறைகூற இயலாது. ஆனால், அந்த நெருக்கடி இல்லாதவர் அவ்வாறு செய்வது சரியன்று. உறுப்புகள் வேறு பல வண்டிகளிலும் பொருந்தும். அளவெடுத்துச் செய்த சட்டகமோ தனியாகக் கிடந்து, கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரும். கூடுதலாகக் கிடைக்கும் சில நூறு ரிங்கிட்டுக்காக ஒரு கைவினைஞரின் உழைப்பை இழப்பது நட்டக் கணக்கே.

காத்திருந்து, உரியவரைக் கண்டபின், குறைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேற்குழாயில் சிறு நசுங்கல் இருந்தால் அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஒருமுறை விழுந்து முன்கவையை நிமிர்த்தியிருந்தால் அதையும் கூற வேண்டும். விலை குறையலாம், குறைந்தால் குறையட்டும். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மலையிறங்கும்போது முன்கவை முறிந்தால், விழப்போவது வாங்கியவர்தான்.

வண்டியோடு, சட்டகம் செய்தவர் எழுதித் தந்த அளவுத் தாளையும் கொடுத்துவிடுவது நல்லது. பின்னாளில் ஒரு குழாயை மாற்ற நேர்ந்தால் அது உதவும். புதியவர் முதல் நாளே இருக்கையின் உயரத்தை மாற்றுவார்; கைப்பிடிக்கு வேறு நிறத்தில் நாடா சுற்றுவார். பழையவருக்கு அது சற்று உறுத்தலாக இருக்கும். இருந்தாலும், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி மீண்டும் சாலையில் ஓடும்.