அடுத்த வீட்டுக் காதல் கதைகளும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும்

செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில், கல்லூரிக்கும் வேலைக்கும் போகும் நம் பெண்பிள்ளைகள் கைப்பேசியில் நாவல் வாசிப்பதைக் காண்கிறோம். முந்தைய தலைமுறையின் கையில் 'ராணிமுத்து' இருந்தது. ரமணிசந்திரனின் நாவல்கள் இருந்தன. காகிதம் திரையாக மாறியிருக்கிறது, அவ்வளவே. கதையின் போக்கு பெரிதாக மாறவில்லை. அடுத்த வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடிவரும். தண்ணீருக்கோ வண்டி நிறுத்தும் இடத்துக்கோ சண்டை மூளும். சண்டை கேலியாகும், கேலி அன்பாகும், இறுதி அத்தியாயத்தில் திருமணம் நடக்கும்.

இவற்றைப் பிள்ளைகள் வாசிக்கலாமா என்று பெற்றோர் கேட்கின்றனர். பிடுங்கி எறியுங்கள் என்பார் சிலர். வெறும் பொழுதுபோக்குதானே என்பார் வேறு சிலர். இரண்டு பதிலும் போதா என்பது நம் கருத்து.

மாமல்லபுரத்தை அரச காதலின் களமாக்கிக் கல்கி 'சிவகாமியின் சபதம்' எழுதியது 1940களில். இன்று அக்கடற்கரைக்குச் செல்லும் சாலைகளின் இருபுறமும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. காதல் கதையின் களமும் கோட்டையிலிருந்து மாடிப்படிக்கு வந்துவிட்டது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அடுத்த வீடு என்பது பெரும்பாலும் மாமி வீடாகவோ சாச்சி வீடாகவோ இருக்கும். கேளம்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் குடியேறிய குடும்பத்துக்கோ சுவரின் மறுபுறம் இருப்பவர் முன்பின் அறியாதவர். அதனால்தான் 'அடுத்த வீட்டுக்காரர்' கதை நம் பிள்ளைகளுக்குத் தங்கள் சொந்தக் கதைபோலத் தோன்றுகிறது.

அண்டை வீட்டாரை அஞ்சி ஒதுங்குமாறு மார்க்கம் கூறவில்லை. உறவினரான அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அண்டை வீட்டாரைச் சொத்தில் வாரிசாக்கி விடுவாரோ என்று தாம் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்தியதாக நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். பழகுவதற்குத் தடையில்லை. பழகும் முறைக்கே வரம்பு உண்டு.

காதல் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பதும் நம் மரபன்று. புகாரியில் பதிவான முகீஸ் (ரலி), பரீரா (ரலி) நிகழ்வை நினைவுகூர்வோம். அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீரா, தம் கணவர் முகீஸுடனான மணவாழ்வைத் தொடர விரும்பவில்லை. முகீஸோ தாடி நனையக் கண்ணீர் வடித்தவாறு மதீனாவின் தெருக்களில் அவர் பின்னே நடந்தார். அந்த அன்பை நபியவர்கள் ஏளனம் செய்யவில்லை. மனமிரங்கி, அவருக்காகப் பரீராவிடம் பேசினார்கள். "இது கட்டளையா?" என்று பரீரா கேட்டார். பரிந்துரைதான் என்று அறிந்ததும் மறுத்துவிட்டார். அவருடைய மறுப்பு அப்படியே ஏற்கப்பட்டது.

நாம் வாசிக்கும் நாவல்களை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவை பலவற்றில் நாயகி சொல்லும் 'வேண்டாம்' என்பதற்குப் பொருளே இல்லை. அது 'சரி' என்பதற்கு முந்தைய அத்தியாயம் மட்டுமே. விடாமல் பின்தொடர்பவன் உறுதியுள்ளவனாகிறான், வழி மறிப்பவன் உரிமையுள்ளவனாகிறான். சிரிக்கச் சிரிக்கச் சொல்லப்படுவதால் இதன் நஞ்சு தெரிவதில்லை. காதல் வருவதைவிட இதுவே கண்டிக்க வேண்டிய பகுதி.

வஞ்சனையையும் நகைச்சுவை எளிதில் மூடிவிடும். 1952இல் வங்காளத்தில் வந்த 'பாஷேர் பாடி' திரைப்படத்தின் கதை, 1953இல் தெலுங்கிலும், 1960இல் தமிழில் 'அடுத்த வீட்டுப் பெண்' என்றும், 1968இல் இந்தியில் 'படோசன்' என்றும் வந்து எங்கும் மக்களைச் சிரிக்க வைத்தது. பாடத் தெரியாத நாயகன் வாயசைக்க, மறைந்திருக்கும் நண்பன் பாடுகிறான். சன்னலுக்கு அப்பால் இருக்கும் பெண் அதை நம்புகிறாள். திரையில் அது வேடிக்கைதான். கைப்பேசியில் வரும் குரலுக்கும் படத்துக்கும் பின்னே யார் இருக்கிறார் என்று அறியாத நம் பிள்ளைகளுக்கு அது வேடிக்கையன்று. விசாரித்து அறிய வலீயும் குடும்பமும் இருப்பது இதற்காகவே.

ஆனால் நாவலின் நாயகனுக்கு வைக்கும் அளவுகோலை வாப்பாவுக்கும் வைப்பதுதான் நீதி. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை அவருடைய தந்தை விருப்பமின்றி மணமுடித்து வைத்தபோது, நபியவர்கள் அத்திருமணத்தை ரத்துச் செய்தார்கள். கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதமாகும் என்பது ஹதீஸ். அது வெட்கத்தால் வரும் மௌனம். அச்சத்தால் அடங்கிய மௌனத்தையும் அதே கணக்கில் சேர்ப்பது அநீதியாகும். பல வீடுகளில் மாப்பிள்ளையின் விவரம் உறவினர் எல்லோரையும் சுற்றி வந்த பிறகே பெண்ணின் காதுக்கு எட்டுகிறது. அந்த நாவல்களில் ஒருவராவது நாயகியிடம், "உன் மனத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார். நம் பெண்பிள்ளைகள் அக்கதைகளில் தேடுவது, பல வேளைகளில், அந்த ஒரு கேள்வியைத்தான்.

ஆகவே, உம்மாமார்களே, மகள் வாசிக்கும் நாவலை நீங்களும் வாசியுங்கள். அவன் பொய் சொன்னானா, அவள் மறுத்தபோது விலகினானா, திருமணத்துக்குப் பின் அந்த வீடு எப்படி நடக்கும் என்று அவளோடு பேசுங்கள். மகனோடும் பேசுங்கள். மறுப்பை மதிக்கக் கற்க வேண்டியவன் அவன்தான்.

எழுதத் தெரிந்த சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்றாம் வகுப்பு வரையே படித்த நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் நாவல் வெளியிட்டார். அதன் பெயரே 'காதலா? கடமையா?'. உ.வே.சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். நாவல் நமக்கு அந்நியப் பண்டமன்று. தர்காவும் மாதா கோயிலும் மீனவர் வீடுகளும் அருகருகே இருக்கும் கோவளத்தில், இரண்டு வீடுகளுக்கிடையே நோன்புக் கஞ்சியும் கேலிப்பேச்சும் போய்வரும் ஒரு கதையை நம்மில் ஒருவர் எழுதலாகாதா? அக்கதையில் அவன் சன்னலைத் தட்டாமல் வாசற்கதவைத் தட்டட்டும். முதலில் அவளுடைய விருப்பம் கேட்கப்படட்டும். அவள் சொல்வதைக் கேட்ட பின்பே பெரியவர்கள் நாள் குறிக்கட்டும்.

அத்தகைய கதை எழுதப்படும் வரை, அந்தக் கேள்வியை நம் வீடுகளில் நாமே கேட்கத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.