செஞ்சியில ஒரு சண்டை போடலாமா?

2025 ஜூலையில செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டியல்ல இடம் கிடைச்சாச்சு. மராட்டிய ராணுவக் கோட்டைகள்னு மொத்தம் 12. அதுல 11 மகாராஷ்டிராவுல, மிச்சம் ஒண்ணு நம்ம செஞ்சி. உடனே நண்பர் ஒருத்தர் ஆரம்பிச்சுட்டார்: "வெளிநாட்டுல வைக்கிங் வேஷம் கட்டற மாதிரி நாமளும் அடிவாரத்துல தேசிங்கு சண்டையை நடிச்சுக் காட்டலாமே!"

ஷெட்லாந்து தீவுல லெர்விக்னு ஒரு ஊர். வருஷா வருஷம் ஜனவரி கடைசி செவ்வாய்க்கிழமை ஊர்க்காரங்களே வைக்கிங் வேஷத்துல தீப்பந்தம் ஏந்திப் போய், தாங்க செஞ்ச கப்பலைத் தாங்களே கொளுத்துவாங்க. இதுக்காக மாசக்கணக்கா தாடி வேற வளர்ப்பாங்களாம்.

அட, நம்மகிட்ட இது புதுசா என்ன? மேலச்சேரி பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவுல படுகளம் பார்த்திருக்கீங்களா? மைதானத்துல துரியோதனன் மண்ணுல மல்லாந்து கிடப்பான், நாலஞ்சு ஆள் நீளத்துக்கு. பீமன் வேஷக்காரர் தொடையில ஒரே போடு போடுவார். சிவப்பா வரும். திரௌபதி கூந்தலை முடிவா. சுத்தி நிக்கற பாட்டிங்க அழுவாங்க, நிஜமாவே! வேடிக்கை பார்க்கிறவனுக்கும் குருக்ஷேத்திரத்துக்கும் நடுவுல கயிறு கிடையாது, டிக்கெட் கிடையாது. இன்னொண்ணு, அந்த அம்மனுக்குக் காவல் நிக்கற முத்தால் ராவுத்தர் ஒரு முஸ்லிம் வீரர்.

அதனால தேசிங்கை நடிங்க, வேண்டாங்கல. எனக்குப் பயம் எல்லாம் கதையை எப்படி மாத்துவாங்களோன்னுதான். 1714ல நடந்தது மதச்சண்டை இல்லீங்க. தேசிங்கோட அப்பா சொரூப் சிங், முகலாயர்களே நியமிச்ச கோட்டைத் தளபதி. ராஜபுத்திரர், மராட்டியர்கூட இல்லை. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானோட வந்த தகராறு கப்பப் பாக்கியிலயும் அதிகாரத்துலயும்தான். நாட்டுப்பாடல் கதையில கல்யாணத்தைப் பாதியில விட்டுட்டு தேசிங்குக்காகச் சாக வர்ற நண்பன் யாரு? முகமத் கான்! அந்த வேஷத்தை வெட்டிட்டு "அந்நியன் வந்தான், வீழ்த்தினோம்"னு ஒலிபெருக்கியில முழங்கினா, அது நம்ம ஊர்க் கதையே இல்லை.

வெளியூர் கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் விடாம, கூத்துக்காரங்ககிட்டயும் ஊர்ப் பசங்ககிட்டயும் குடுங்க. முகமத் கான் வேஷம் கட்ட நம்ம பள்ளிவாசல் தெருவுலயே ஆள் கிடைக்கும்.

நீலவேணிக்குக் குதிரை வாடகை எகிறுமேங்கறார் நண்பர். பொய்க்கால் குதிரை எதுக்கு இருக்கு?